வாயில்லாப் பிராணியும் வாயுள்ள மனிதர்களும்

எங்கள் வீட்டு நாய்க்கு வீரன் என்று பெயர். பெயர் வைத்தவன் நான்தான். அப்போது அதற்கு வயது ஒன்றரை மாதம். பிற்காலத்தில் அது இடிச் சத்தம் கேட்டவுடனே கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்கிக்கொள்ளும் என்பது அன்றைக்கு எனக்கு எப்படித் தெரியும்?

நமது தென்பாண்டிச் சீமை நாய்களுக்குப் பேர்போனது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி என்று பெரிய வம்சங்களெல்லாம் இந்தப் பக்கத்தைச் சேர்ந்தவையே. 2005-ஆம் வருஷத்தில் தபால் இலாகாவினர் நாய்களின் படம் போட்ட நான்கு தபால் தலைகளை வெளியிட்டபோது ராஜபாளையம் நாய்க்கும் அவற்றில் ஓர் இடம் கிடைத்தது. வீரனுக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கப் போவதில்லை. அதன் தாயார் குத்துக்கல்வலசைத் தெருக்களைச் சுற்றிவந்த ஒரு சாதாரண நாய். தகப்பனார் யார் என்பதோ சரித்திரத்துக்கு எட்டாத விஷயம்.

சரித்திரத்தைப் பற்றி நான் கொஞ்சம் அதிகாரத்துடன் பேசலாம். பதினெட்டு வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் நான் சொல்லிக் கொடுத்து வரும் பாடம் அதுதான். "பிரெஞ்சுப் புரட்சிக்கான காரணங்களை எழுதுக" என்று கேட்பேன். பையன்கள் ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டு எழுதுவார்கள். "சாட்சியம் இல்லாமல் எந்தக் காரணத்தையும் ஒப்புக்கொள்ளாதே!" என்று வருஷத்துக்குப் பத்துத் தடவையாவது அவர்களிடம் சொல்லியிருப்பேன். இவ்வளவு பெரிய உபதேசத்தைச் செய்கிறவன், தன் வீட்டு வாசலில் ஒரு நாய் படுத்துவிட்டபோது எப்படி நடந்துகொண்டான் என்பதைத்தான் இந்த வாரம் நேயர்களிடம் ஒப்புக்கொள்ளப் போகிறேன்.

சென்ற ஆனி மாதம் அது. குற்றாலத்துச் சாரல் நன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தது. மேற்கே மலை இருக்கிற இடமே தெரியாமல் மேகம் மூடியிருந்தது. ஊசி ஊசியாகத் தூற்றலும் அதைத் துரத்திக்கொண்டு காற்றும் வந்துகொண்டிருந்தன. வியாழக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பினேன். தெரு முனையில் என் மோட்டார் சைக்கிளின் சத்தம் கேட்டதுமே வீரன் வாசற் கதவுக்கு ஓடி வந்துவிடும். அன்றைக்கு வரவில்லை. திண்ணையில் படுத்திருந்தது, தலையைத் தூக்கிப் பார்த்தது, வாலை ஒரே ஒரு தடவை அசைத்தது. "வந்துவிட்டீர்களா? சரி" என்று சொல்வதுபோல மறுபடியும் தலையைக் கீழே வைத்துக்கொண்டது.

"மத்தியானம் வைத்த சாதம் அப்படியே இருக்கிறது" என்றாள் என் மனைவி.

"மழைக்காலம் அல்லவா? மந்தமாக இருக்கும்" என்றேன் நான்.

வெள்ளிக்கிழமை காலையில் அது எழுந்திருக்கவேயில்லை. காதைத் தொட்டால் நெருப்பாய்க் கொதித்தது. மத்தியானத்துக்கு மேல் அதன் மூக்கிலிருந்து இரண்டு சொட்டு இரத்தம் சிமெண்டுத் தரையில் விழுந்தது. ஒன்பதாம் வகுப்பு வாசிக்கும் என் பெண் அதைக் கண்டதும் அழ ஆரம்பித்துவிட்டாள். முந்தாநாள் வரையில் கோழியைத் துரத்திக்கொண்டிருந்த நாய்! என்ன வந்தது அதற்கு?

என்ன வந்தது என்று சொல்வதற்கு ஆட்கள் இல்லாமல் போகவில்லை. சாயங்காலத்துக்குள் எங்கள் திண்ணையில் ஒரு வைத்திய மகாநாடே கூடிவிட்டது.

எதிர்வீட்டுப் பாட்டி முதலில் வந்தாள். "கொழுகொழு என்று இருந்தானே, எவள் கண் பட்டதோ!" என்று சொல்லி, உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். பால்காரர் வந்தார். "மூக்கிலே ரத்தம் வந்தால் கண்ணாடி விரியன்தான். சந்தேகமே வேண்டாம்" என்றார். என்னுடன் வேலை பார்க்கும் ஆசிரியர் ஒருவர் வந்தார். மனிதர்கள் சாப்பிடும் காய்ச்சல் மாத்திரையில் பாதியைக் கொடுத்தால் போதும் என்று அவருடைய கைப்பேசியில் யாரோ எழுதியிருந்ததைக் காட்டினார். என் மனைவி சீரகக் கஷாயம் போட்டு, வீரனின் வாயைப் பிளந்து ஊற்றிப் பார்த்தாள். பாதிக் கஷாயம் தரைக்கும், பாதி அவளுடைய சேலைக்கும் போய்ச் சேர்ந்தது.

கடைசியாக வந்தவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சார்வாள், யாரோ எதையோ வைத்துவிட்டார்கள்" என்றார்.

இந்த ஒரு வாக்கியம் மட்டும் என் மனத்தில் போய் நன்றாக உட்கார்ந்துகொண்டது. ஏனென்றால் அந்த "யாரோ" யார் என்பது எனக்குத் தெரியும் என்று நான் நினைத்தேன்.

எங்கள் வீட்டுக்குத் தெற்கே ஒரு முள்வேலி. அதற்கு அப்பால் ஓர் அண்ணாச்சியின் தோட்டமும் வீடும் இருக்கின்றன. அவருடைய கோழிகள் வீரனுக்குப் பெரிய வேடிக்கை. வேலியில் ஒரு சந்து. அதன் வழியாகப் புகுந்து அது கோழிகளை விரட்டும். பிடித்துத் தின்றதில்லை, விரட்டுவதோடு சரி. ஆனால் கோழிக்கு அந்த வித்தியாசம் தெரியாதே! பதினைந்து நாளைக்கு முன்னால் அண்ணாச்சி வேலியருகில் நின்று, "இருக்கட்டும், ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் இந்த நாய்க்கு ஒரு வழி பண்ணுகிறேன்!" என்று கூவியதை நான் என் காதாலேயே கேட்டிருந்தேன். தவிரவும், பங்குனி மாதத்திலிருந்தே அவர் எங்கள் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்தியிருந்தார். எதிரே கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். போதாக்குறைக்கு, அவருடைய தோட்டத்து மூலையில் பூச்சி மருந்துப் புட்டி ஒன்று காலியாகக் கிடந்தது.

விரோதம், மிரட்டல், விஷப் புட்டி. மூன்று காரணங்களும் நம்பர் போட்டதுபோல் வரிசையாக வந்து நின்றன. அன்று இரவு பத்து மணிக்கு நான் போலீஸ் இன்ஸ்பெக்டருக்கு ஒரு மனு எழுதினேன். பதினெட்டு வருஷ ஆசிரிய அனுபவம் வீண்போகவில்லை. மனு மிக நன்றாக அமைந்தது. அதில் "மேற்படி நபர்" என்ற சொற்றொடர் ஏழு இடங்களில் வந்தது. நாயைப் பற்றிய சமாசாரம் ஒன்றரை வரி.

நான் மனு எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் என் பெண் வீரனுக்குப் பக்கத்தில் கோணிப்பையை விரித்து உட்கார்ந்திருந்தாள். அவள் கையிலும் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. படிக்கிறாளாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

*

சனிக்கிழமை காலையில் ஒரு ஆட்டோவில் நாயைப் போட்டுக்கொண்டு கால்நடை வைத்தியரிடம் போனோம். வைத்தியர் ஓர் அம்மாள். முப்பது வயதுக்கு மேல் இராது. மேஜைமேல் வீரனைப் படுக்க வைத்ததும் நான் ஆரம்பித்தேன். வேலி, சந்து, கோழி, மிரட்டல், புட்டி என்று ஒன்று விடாமல் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "அடுத்த வீட்டுக்காரரைப் பற்றி எனக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது. இனி நாயைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார்.

நாயைப் பற்றிச் சொல்ல எனக்கு என்ன இருந்தது? கடைசியாக எப்போது சாப்பிட்டது? தண்ணீர் குடிக்கிறதா? வாந்தி எடுத்ததா, எத்தனை தடவை? மூத்திரத்தின் நிறம் என்ன? உடம்பு நடுங்கியதா? எச்சில் ஒழுகியதா? தடுப்பூசிகள் எப்போது போட்டது? நான் விழித்தேன். என் பெண் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து பதில் சொன்னாள். புதன்கிழமை இரவு பாதி தோசை. வெள்ளி காலையில் கொஞ்சம் தண்ணீர். வாந்தி இல்லை. நடுக்கம் இல்லை. எச்சில் ஒழுகவில்லை. இரத்தம் மூன்று முறை, வலது மூக்கிலிருந்து. வெறிநாய்த் தடுப்பூசி தை மாதம் போட்டது.

"அந்த ஊசியைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்று நினைத்தேன்" என்றார் டாக்டர் அம்மாள். "நாய் திடீரென்று மாறினால், விழுங்க முடியாமல் எச்சில் ஒழுக்கினால், காரணம் தெரிகிறவரையில் அதன் வாய்க்குள் யாரும் கையை விடக் கூடாது."

என் மனைவி சேலையில் இருந்த கஷாயக் கறையைப் பார்த்துக்கொண்டாள்.

இது அலட்சியமாக எடுத்துக்கொள்ளக்கூடிய வார்த்தை அல்ல. வெறிநாய்க்கடி விஷம் தலைக்கேறி அடையாளங்கள் தோன்றிவிட்டால், இன்றைக்கும் பிழைப்பது அபூர்வத்திலும் அபூர்வம். ஆனால் கடிபட்டவுடனே சோப்புப் போட்டு ஓடுகிற நீரில் கால்மணி நேரம் கழுவி, தாமதமின்றி வைத்தியரிடம் போய் ஊசிகளை முறைப்படி போட்டுக்கொண்டால் தப்பிவிடலாம். பாஸ்டர் என்ற பிரெஞ்சு மேதை 1885-ஆம் வருஷத்தில் ஒரு சிறுவனுக்கு முதல் முதலாக அந்தச் சிகிச்சையைச் செய்தார். நம் தேசத்தில் 1900-ஆம் வருஷத்தில் இமயமலைச் சாரலிலுள்ள கஸௌலியில் அதற்கென்று ஒரு நிலையம் ஏற்பட்டது. 1907-இல் நீலகிரியிலுள்ள குன்னூரில் தென்னிந்தியாவுக்கென்று பாஸ்டர் நிலையம் திறந்தார்கள். அதற்கு முன்னால் திருநெல்வேலிப் பக்கத்தில் ஒருவனை வெறிநாய் கடித்திருந்தால், இமயமலைக்குப் புறப்பட வேண்டும்; அல்லது விதியை நம்ப வேண்டும். இன்று அந்த ஊசி பக்கத்து ஊர்களிலேயே கிடைக்கிறது. வாங்கிப் போட்டுக்கொள்ளாமல் விதியை நம்புகிறவர்கள் மட்டும் இன்னும் இருக்கிறார்கள்.

டாக்டர் அம்மாள் சோதனையை ஆரம்பித்தார். உஷ்ணமானி 104.6 டிகிரி காட்டியது. நாய்க்குச் சாதாரணமாகவே 101 முதல் 102.5 வரையில் இருக்குமாம். நமக்குக் காய்ச்சல் என்பது அதற்குச் சுகம். உதட்டைத் தூக்கி ஈறைக் காட்டினார். ரோஜா நிறமாக இருக்க வேண்டியது, சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்திருந்தது. வயிற்றில் மயிர் குறைந்த இடத்தில் குண்டூசித் தலை அளவில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன. கடைசியாகக் காதை மடித்தார். கால் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். அங்கே ஆமணக்கு விதைபோல இரண்டும், எள்போலச் சிறிதாகப் பத்துப் பன்னிரண்டும் ஒட்டிக்கொண்டிருந்தன.

உண்ணி!

"இதுவா? இது எல்லா நாய்க்கும் இருப்பதுதானே?" என்றேன்.

"எல்லா நாய்க்கும் இருப்பதனால்தான் யாரும் பார்ப்பதில்லை" என்றார் அவர்.

விஷத்தைப் பற்றியும் அவர் சொன்னார். பயிருக்கு அடிக்கிற மருந்துகளில் பலவும் நாயின் வயிற்றுக்குள் போனால், பெரும்பாலும் சில நிமிஷங்களிலோ சில மணி நேரத்திலோ காட்டிவிடும். வாயில் நுரையும் எச்சிலும் ஒழுகும், தசைகள் துடிக்கும், பேதியாகும், கண்மணி சுருங்கும். விரியன் கடித்திருந்தால் கடிவாயில் வீக்கம் இருக்க வேண்டும். வீரனிடம் இவை ஒன்றும் இல்லை. காய்ச்சல், வெளுத்த ஈறு, மூக்கில் இரத்தம், தோலில் புள்ளி, உடம்பில் உண்ணி. இவை ஐந்தும் சேர்ந்தால் வேறொரு பக்கம் கை காட்டுகின்றன.

இரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். இரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்கள் நல்ல நாய்க்கு ஒரு மைக்ரோலிட்டரில் இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும். வீரனுக்கு இருந்தது 32 ஆயிரம். "எர்லிக்கியா என்ற நுண்ணுயிராக இருக்கலாம்" என்றார் டாக்டர் அம்மாள். "பூதக்கண்ணாடியில் கிருமி அகப்படவில்லை. அகப்படாததனால் இல்லை என்று அர்த்தமில்லை; அது லேசில் அகப்படாது. நூற்றுக்கு நூறு நிச்சயம் என்று நான் சொல்ல மாட்டேன். மருந்து கொடுப்போம். இரண்டு மூன்று நாளில் குணம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் வேறு காரணம் தேடுவோம்."

டாக்ஸிசைக்கிளின் என்ற மாத்திரை இருபத்தெட்டு நாளைக்கு. நான்காம் நாளே ஓடியாடினாலும் நிறுத்தக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். நண்பர் சொன்ன பாதி மாத்திரையைப் பற்றிக் கேட்டேன். மனிதர்களுடைய காய்ச்சல் மாத்திரையும் வலி மாத்திரையும் நாயின் ஈரலையும் குடலையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடக்கூடும் என்றும், வைத்தியர் சொல்லாமல் ஒன்றும் கொடுக்க வேண்டாம் என்றும் கூறினார். சோர்ந்து கிடக்கும் நாயின் வாயில் பாலோ கஷாயமோ ஊற்றினால் அது மூச்சுக் குழலுக்குள் போய்விடும் என்று என் மனைவியிடம் தனியாக ஒரு வார்த்தை சொன்னார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் நான் ஒன்றும் பேசவில்லை. வெள்ளிக்கிழமை எங்கள் திண்ணையில் கூடியவர்கள் எல்லோரும் நிச்சயமாகப் பேசினார்கள். கண்ணேறு நிச்சயம்; விரியன் நிச்சயம்; விஷம் நிச்சயம். என் மனுவில் "சந்தேகத்துக்கு இடமின்றி" என்றே எழுதியிருந்தேன். விஷயம் தெரிந்தவர் ஒரே ஒருவர். அவர் மட்டுந்தான் "நிச்சயம் என்று சொல்ல மாட்டேன்" என்றார்.

*

சரித்திர ஆசிரியனுக்கு உள்ள சபலத்தினால், பிறகு இந்த உண்ணி வியாதிகளின் பூர்வோத்தரத்தைத் தேடிப் படித்தேன். எவ்வளவு தூரத்துச் சங்கதி என்று நினைத்தேனோ, அவ்வளவு பக்கத்தில் அது இருந்தது.

அந்தக் காலத்தில் சென்னைப் பட்டணத்து வெள்ளைக்காரத் துரைமார்கள், சீமையில் நடப்பதுபோல வேட்டை நாய்க் கூட்டம் ஒன்று வைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த நாய்களின் இரத்தத்திலே, சிவப்பணுக்களைச் சிதைக்கும் புதிய ஒட்டுண்ணி ஒன்று இருப்பதை பாட்டன் என்ற ஆராய்ச்சியாளர் கண்டு 1910-இல் வெளியிட்டார். அதே கிருமி நம் ஊர்க் குள்ளநரியின் இரத்தத்திலும் இருந்தது. பபீசியா கிப்ஸனை என்று இன்று உலகமெங்கும் வைத்தியர்கள் சொல்லும் அந்தக் கிருமியின் முதல் விலாசம் நம் சென்னைதான். உயர்ந்த ஜாதி வேட்டை நாய்க்கும் காட்டு நரிக்கும் உண்ணி வித்தியாசம் பாராட்டவில்லை.

எர்லிக்கியாவின் கதை இன்னும் ரஸமானது. 1935-இல் ஆப்பிரிக்காவின் வடகோடியிலுள்ள அல்ஜீரியாவில், உண்ணி பிடித்த நாய்களிடம் இரண்டு பிரெஞ்சு அறிஞர்கள் இதை முதலில் கண்டார்கள். 1944-இல் முதலியார் என்ற கால்நடை வைத்திய அறிஞர், தென்னிந்தியாவிலும் அது இருப்பதை எழுதி வைத்தார். வேப்பேரியில் 1903-இல் இருபது மாணாக்கர்களுடன் ஆரம்பித்த கால்நடைக் கல்லூரி அப்போது நாற்பது வருஷம் கண்டிருந்தது.

பிறகு வியட்நாம் யுத்தம் வந்தது. 1968 முதல் 1970 வரையில், அங்கே அமெரிக்கப் படையினர் வைத்திருந்த நாய்கள் நூற்றுக்கு மேல் மூக்கில் இரத்தம் வடிந்து இறந்துபோயின. பெரும்பாலும் ஜெர்மன் ஷெப்பர்டு நாய்கள். காரணம் தெரியாத புது நோய் என்றே முதலில் நினைத்தார்கள். விசாரித்துப் பார்த்ததில், அது அல்ஜீரியாவிலும் சென்னையிலும் கண்ட அதே பழைய எர்லிக்கியாதான் என்று தெரிந்தது.

எல்லாம் உண்ணியின் வேலை என்று சொல்லிவிடவும் கூடாது. 1978-இல் உலகத்தின் பல மூலைகளில் ஒரே சமயத்தில் நாய்க்குட்டிகள் வாந்தியும் இரத்த பேதியும் கண்டு சாய்ந்தன. அது உண்மையிலேயே புதிய வைரஸ். பார்வோ என்று அதற்குப் பெயர். இரண்டு வருஷத்துக்குள் உலகத்தைச் சுற்றிவிட்டு, 1980-களின் தொடக்கத்தில் சென்னைக்கும் வந்தது. இன்று அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் முதலில் "காரணம் தெரியவில்லை" என்றுதான் ஆரம்பம். வைத்தியர்கள் அந்தத் தெரியாமையைச் சகித்துக்கொண்டு, இரத்தத்தையும் தோலையும் உண்ணியையும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், ஆகையினால் தெரிந்தது. நான் அதை ஒரே ஒரு இரவுகூடச் சகிக்க மாட்டாமல், காலி இடத்தில் ஒரு மனிதனைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டேன்.

*

திங்கட்கிழமை சாயங்காலம் வீரன் தயிர்சாதம் சாப்பிட்டது. நாலே நாலு கவளம்தான். அதைப் பார்க்க வீட்டிலுள்ள அத்தனை பேரும் சுற்றி நின்றோம்.

அப்போது வேலிக்கு அப்பாலிருந்து ஒரு குரல் கேட்டது. "சார்வாள், நாய் எப்படி இருக்கு?"

அண்ணாச்சிதான். பங்குனிக்குப் பிறகு அவர் என்னுடன் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை. எனக்கு முகம் சிவந்துவிட்டது. மனு என் சட்டைப் பையிலேயே மடித்தபடி இருந்தது. வேலியருகில் போய், டாக்டர் அம்மாள் சொன்னதை எல்லாம் சொன்னேன். காய்ச்சல், ஈறு, மூக்கில் இரத்தம், உண்ணி.

அண்ணாச்சி சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எங்க செவலைக்கும் மூக்கிலேதான் ரத்தம் வந்தது" என்றார்.

செவலை அவருடைய நாய். பங்குனி மாதத்தில் செத்துப்போயிற்று. செத்தது எங்களுக்கும் தெரியும். வயதாகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டோமே தவிர, வேலியைத் தாண்டிப் போய் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. அது பரீட்சைத் தாள் திருத்துகிற காலம். இராத்திரியெல்லாம் செவலை குரைத்துக்கொண்டே இருக்கும். ஒரு நாள் தொல்லை தாங்காமல், "இந்தச் சனியனை யாராவது தொலைத்தால் தேவலையே!" என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டே நான் உரக்கச் சொன்னேன். அதற்குப் பிறகு பத்து நாளைக்குள் செவலை செத்தது.

"நீங்க ஜன்னல்லே நின்னு சொன்னது என் காதிலே விழுந்துது, சார்வாள். அதனாலே நான்..." என்று ஆரம்பித்த அண்ணாச்சி பாதியில் நிறுத்திவிட்டார். முடிக்க வேண்டிய அவசியம் இல்லை. மூன்று மாதமாக அவர் மனத்திலும் ஒரு மனு இருந்திருக்கிறது. அதில் "மேற்படி நபர்" நான்.

"அண்ணாச்சி, நானும் உங்களைத்தான் நினைத்தேன். மன்னிக்க வேண்டும்" என்றேன். மனுவை எடுத்துக் காட்டுவதற்குத் தைரியம் வரவில்லை. விஷயத்தை மட்டும் சொன்னேன். அவர் சிரித்தார் என்று எழுதினால் நேயர்களுக்குத் திருப்தியாக இருக்கும். அவர் சிரிக்கவில்லை. "நாலு நாளைக்கு முன்னாலே வந்து கேட்டிருந்தா, செவலைக்கு வந்ததை நான் அப்பவே சொல்லியிருப்பேனே" என்றார்.

அது உண்மை. ஊரிலே அந்த அடையாளங்களை ஏற்கெனவே கண்ணால் பார்த்திருந்த ஒரே மனிதர் அவர்தான். நான் கேட்க வேண்டிய ஒரே ஆளைத்தான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி வைத்திருந்தேன். இன்னும் இரண்டு நாள் தாமதித்திருந்தால், வீரனும் செவலை போன இடத்துக்கே போயிருக்கும். நான் அந்த மனுவைக் கொண்டுபோய்க் கொடுத்தும் இருப்பேன்.

டாக்டர் அம்மாள் இன்னொன்றும் சொல்லியிருந்தார். உண்ணி நாயின்மேலேயே வாசம் செய்வதில்லை. இரத்தம் குடித்ததும் கீழே விழுந்துவிடும். சுவர் வெடிப்பிலும் தரைச் சந்திலும் போய் ஒளிந்துகொள்ளும். அங்கே ஒவ்வொரு பெண் உண்ணியும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். குஞ்சு ஒரு நாயைக் கடித்து விழும். தோல் உரித்து வளர்ந்து வேறொரு நாயைக் கடிக்கும். நோயாளி நாயிடம் குடித்த கிருமி அப்படித்தான் அடுத்த நாய்க்குப் போகிறது. பசியோடு மாதக்கணக்கில் காத்திருக்கவும் அதற்குத் தெரியும். ஆகையால் நாய்க்கு மட்டும் மருந்து போட்டால் போதாது. அது படுக்கிற இடத்துக்கும், சுற்றுச் சுவருக்கும், அடுத்த வீட்டுக்கும் சேர்த்துப் பார்க்க வேண்டும். செவலையிடமிருந்து வீரனுக்கு வந்ததா, வீரனிடமிருந்து செவலைக்குப் போனதா, இரண்டுக்கும் தெருவில் போகிற மூன்றாவது நாயிடமிருந்து வந்ததா என்று இப்போது யார் சொல்ல முடியும்? வேலியில் ஒரு சந்து இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்து முறைத்துக்கொண்டிருந்த அந்த வேலியின் வழியாக, எதிரி தாராளமாகப் போய்வந்துகொண்டிருந்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி ஒரு சட்டி சிமெண்டுக் கலவையுடன் வந்தார். எங்கள் திண்ணைச் சுவரிலுள்ள வெடிப்புகளை எல்லாம் பூசினார். அவர் வீட்டுக் கோழிக் கூண்டைச் சுற்றியுள்ள சுவரில் நான் பூசினேன். என் பூச்சு பார்க்க நன்றாக இல்லை என்று அவரே சொன்னார். கோணிப்பைகளைக் கொதிநீரில் போட்டோம். என் பெண் தன் நோட்டுப் புத்தகத்தில் தினம் மூன்று வரி எழுதிக்கொண்டே வந்தாள். சாப்பாடு, தண்ணீர், ஈறின் நிறம். காதிலும் விரலிடுக்கிலும் உண்ணி பார்ப்பது வாரந்தோறும் ஞாயிற்றுக்கிழமை வேலையாக ஏற்பட்டுவிட்டது. இருபத்தெட்டாம் நாள் மாத்திரை முடிந்தது. இரத்தத்தை மறுபடி பார்த்தபோது தட்டணுக்கள் இரண்டு லட்சத்துப் பத்தாயிரம்.

நாய் வளர்க்கும் நேயர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. அந்த வாயில்லாப் பிராணி திடீரென்று படுத்துவிட்டால், அது எங்கே வலிக்கிறது என்று சொல்லாது. அது பேசாத இடத்தில் நாம் எல்லோரும் பேச ஆரம்பித்துவிடுகிறோம். தயவுசெய்து ஒரு பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். என்ன சாப்பிட்டது, எப்போது நிறுத்தியது, ஈறு என்ன நிறம், எத்தனை தடவை வாந்தி என்று எழுதிக்கொண்டு, அன்றைக்கே வைத்தியரிடம் போங்கள். சில சமயம் அவருக்கும் காரணம் அகப்படாமலே போகலாம். அப்படிப் போனாலும், அந்த நோட்டுப் புத்தகத்தினால் யாருக்கும் தீங்கு வராது. நான் எழுதிய மனுவைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

அந்த மனுவை நான் கிழித்துப் போடவில்லை. சரித்திரப் புத்தகத்தில் "காரணங்கள்" என்ற பாடத்துக்கு நடுவில் வைத்திருக்கிறேன். "சாட்சியம் இல்லாமல் எந்தக் காரணத்தையும் ஒப்புக்கொள்ளாதே" என்று பையன்களுக்குச் சொல்லப் புத்தகத்தைத் திறக்கும்போதெல்லாம் அது கண்ணில் படுகிறது. முன்னைப்போல அவ்வளவு உரக்கச் சொல்ல முடிவதில்லை.

சென்ற வாரம் வீரன் மறுபடியும் வேலிச் சந்தில் புகுந்து கோழிகளை விரட்டிற்று. "ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் இந்த நாய்க்கு ஒரு வழி பண்ணுகிறேன்!" என்று அண்ணாச்சி கூவினார். மறு நாளே பண்ணியும் விட்டார். வேலிச் சந்தைக் கம்பி வலை போட்டு அடைத்துவிட்டு, அதற்குப் பக்கத்தில் மனிதர்கள் போய்வர ஒரு சின்னப் படல் கதவு வைத்திருக்கிறார்.